மண்ணாங்கட்டிக்கு வைரச் சிறகு

மேல்மலையனூர் அங்காளம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சொல்லப்படுவது: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் என்று காட்டுகிறவர்களுக்கு, சொன்னவன் நாக்கை அறுத்து வாழையிலையில் வைத்து, தொட்டுக்கொள்ள ஊறுகாயும் வைத்துத் தரத் தயார். நடுவில் சட்டம் என்று ஒன்று வரும். அந்த இடத்தில்தான் பலருக்கும் சந்தேகம் தட்டும். அதை அவரவர் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். மாட்டைப் பற்றி மட்டும் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

விழுப்புரத்தில் வல்லரசு என்று ஒருவன். பெயர் வைத்த அப்பனுக்கு அந்த நேரத்தில் என்ன ஆசையோ, தெரியாது. பிள்ளை வளர்ந்து கிழக்குப் பாண்டி ரோட்டில் ஒரு பிரியாணிக் கடை வாசலில் வெயிலில் நின்றான். உள்ளே நிற்கக் கூடாது. 'டெலிவரி ஆட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை' என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதே கண்ணாடியில் அதற்கு மேலே 'விருந்தோம்பலே எங்கள் மூச்சு' என்றும் ஒட்டியிருந்தது. கடையின் கழிப்பறைக்கும் இதே சட்டம்தான். ஆகையால் வல்லரசு காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் தண்ணீர் குடிப்பதில்லை.

அவன் வேலை பார்த்த கம்பெனிக்குப் பசிப்பறவை என்று பெயர். வேலை பார்த்த என்று சொன்னதே தப்பு. பசிப்பறவையில் யாரும் வேலை பார்ப்பதில்லை, பறக்கிறார்கள். அங்கே தொழிலாளி கிடையாது, பார்ட்னர். சம்பளம் கிடையாது, இரை. முதலாளி கிடையாது, காற்று. கடை வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்துக்கு இரை உண்டா என்று ஒருதரம் வல்லரசு கேட்டதற்கு, 'நிற்கிற பறவை பறவை ஆகுமா?' என்று போனில் பதில் வந்தது. பக்கத்தில் கண்ணடிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று.

இதற்கெல்லாம் அவன் சம்மதித்துத்தான் சேர்ந்தான். சேர்ந்த அன்று போனில் நந்தன் கால்வாய் நீளத்துக்கு ஏதோ ஓடியது. அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான். வல்லரசு கட்டைவிரலால் அதை ஒரு அழுத்து அழுத்தினான். பிற்பாடு கதை முழுக்க அந்தக் கட்டைவிரலில்தான் நிற்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பைக் மாத்திரம் மாமனார் உபயம்.

ஒருநாள் மதியம் மட்டன் பிரியாணியோடு சாலாமேட்டுப் பக்கம் போகையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. போனில் நேரம் கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது; பூஜ்யத்தைத் தொட்டால் அவன் மதிப்பெண் குறையும். பிரேக்கை அழுத்தினான். நாய் ஒரு பக்கம், பிரியாணி ஒரு பக்கம், பைக் ஒரு பக்கம். வல்லரசின் வலது கால் அவனோடு இருந்தாலும் அவன் சொன்ன பக்கம் திரும்பவில்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டான்.

"வணக்கம் பார்ட்னர்! உங்க புன்னகைதான் எங்க சிறகு. சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"மேடம், வண்டியோட வுழுந்துட்டேன். காலு ஒடஞ்சிடுச்சு போல இருக்குது."

"ரொம்ப வருத்தப்படறோம் பார்ட்னர். பிரியாணி எப்படி இருக்கு?"

"அது ரோட்ல இருக்குது மேடம்."

"தயிர்ப் பச்சடியுமா?"

"அதுவுந்தான்."

"ஓ..." அந்தப் பெண் நிஜமாகவே துக்கப்பட்டாள். "வேற யாருக்காச்சும் அடி பட்டிருக்கா பார்ட்னர்?"

"ஒரு நாய்க்கு லேசா..."

குரல் மாறிவிட்டது. "நாயா? எந்த இடம்? அதைத் தொடாதீங்க, அசைக்காதீங்க. இதோ வண்டி அனுப்பறோம்!"

வல்லரசு சிகரெட் பிடிக்கிறவனாக இருந்திருந்தால் ஒன்று பிடித்து முடிப்பதற்குள் விளக்குச் சுழலச் சுழல ஆம்புலன்ஸ் வந்தது. பசிப்பறவையின் 'கருணைச் சிறகு' வண்டி. ஓட்டலில் மிஞ்சுவதைத் தெருநாய்க்குப் போட்டு, அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்த்து, அதைப் படம்பிடித்துப் போடுவது கம்பெனியின் தர்மகாரியம். இரண்டு பேர் இறங்கி நாயைப் போர்வையில் சுற்றி, தலைக்குக் கை கொடுத்து ஏற்றினார்கள்.

"அண்ணா, என்னையும் ஏத்திக்கினு போங்கண்ணா."

"இதுல மனுசன ஏத்தினா இன்சூரன்ஸ் இல்ல தம்பி, பேஜாராயிடும்" என்றார் டிரைவர். கெட்டவர் இல்லை, கதவைச் சாத்தும்போது தலையைக் குனிந்துகொண்டார். வண்டி கிளம்பியதும் பின்கண்ணாடி வழியாக நாய் வல்லரசைப் பார்த்தது. வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன்தான் அவனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டான். உள்ளே தகடு வைத்துத் திருக வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் நொண்டல்தான் என்று சொல்லி, அதுவரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். தகட்டுக்கு வழி? அதைக் கேட்கத்தான் வல்லரசு தன் பெண்டாட்டி கலைப்பிரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பசிப்பறவை ஆபீசின் மாடிப்படியை ஒற்றைக் காலால் தாண்டித் தாண்டி ஏறினான்.

செல்போன் கடைக்கு மேலே ஒரே அறை. ஜெகதீசன் என்று ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். சுவரில் அவன் உத்தியோகம் எழுதியிருந்தது: மகிழ்ச்சி அலுவலர்.

"ப்ரோ, ஒரு விஷயத்தை முதல்ல கிளியர் பண்ணிக்கலாம்" என்றான் ஜெகதீசன். "நீங்க விழ ஆரம்பிச்சப்ப ஆர்டர்ல இருந்தீங்க, கரெக்ட். ஆனா பாருங்க, நீங்க விழுந்து முடிக்கிறதுக்குள்ள கஸ்டமர் கேன்சல் பண்ணிட்டார். அதனால தரையில பட்டப்போ நீங்க ஒரு தனிமனிதர்."

கலைப்பிரியா யோசித்தாள். "அப்ப மேல இருந்த வரிக்கும் ஒங்க ஆளு, கீழ வந்தப்பறம் என் ஆளா?"

"சூப்பர் சிஸ்டர்! எனக்கே இவ்ளோ அழகா சொல்ல வராது." ஜெகதீசன் அதை எழுதிக்கொண்டான். "காலுங்கிறது பார்ட்னரோட சொந்த முதலீடு. பைக் எப்படி அவரோடதோ அப்படித்தான் காலும். இப்ப எங்க கால் ஒடஞ்சா உங்ககிட்ட வந்து கேப்போமா?"

"ஒங்க காலு எங்க மேல இல்ல இருக்குது" என்றாள் கலைப்பிரியா.

ஜெகதீசன் அதை எழுதிக்கொள்ளவில்லை. கம்பெனி கல்நெஞ்சு படைத்ததல்ல என்றான். 'சிறகு நிதி' என்று ஒன்று இருக்கிறது. தகடு, திருகு, ஆபரேஷன் எல்லாம் அதிலிருந்து கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனைதான், ஐடி உயிரோடு இருக்க வேண்டும்.

"உயிரோடன்னா?"

"போன் அசையணும் ப்ரோ. ஒரு நாள் முழுக்க போன் ஒரே எடத்துல இருந்தா, பறவை செத்துப்போச்சுன்னு சிஸ்டம் நினைச்சுக்கும். ஐடி போயிடும். ஐடி போனா நிதி இல்ல. அதனால கால் சரியாகிற வரைக்கும் ஓடிக்கிட்டே இருங்க. கால் சரியானதும், கால் ஒடஞ்சதுக்கு அப்ளை பண்ணிடலாம்."

வல்லரசுக்குத் தலை சுற்றியது. வலி மாத்திரையால் என்று நினைத்துக்கொண்டான். படி இறங்கும்போது, "ஒரு நிமிஷம் ப்ரோ!" என்று மேலிருந்து ஜெகதீசன் கூப்பிட்டான். மனசு மாறிவிட்டதாக்கும் என்று இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். "அந்த நாய் நல்லாருக்குதாம். கேப்பீங்கன்னு நெனச்சேன்."

கலைப்பிரியா அடுத்த பஸ்ஸிலேயே புருஷனைத் தன் அப்பன் வீட்டுக்கு, திருவெண்ணெய்நல்லூருக்கு, அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியெல்லாம் போனை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே போனாள். தூளியில் பிள்ளையை ஆட்டுகிற மாதிரி.

அவள் அப்பா தேவநாதன் கரும்பு போடுகிறவர். ஊரில் எல்லாரும் டிராக்டருக்கு மாறிய பிறகும் ஒற்றை மாட்டு வண்டியில் கரும்பை ஆலைக்கு இழுத்தவர். மாட்டின் பெயர் மண்ணாங்கட்டி. தாய்ப்பசு அதற்கு முன் போட்ட கன்றுகள் தங்கவில்லை. தங்காத வீட்டில் பிள்ளைக்கு இப்படி ஒரு பெயர் வைத்தால் எமன் 'சீ, மண்ணாங்கட்டி' என்று தொடாமல் போய்விடுவான் என்பது வழக்கம். மாட்டுக்கும் வைத்தார். மாடு தங்கிவிட்டது.

"அசையணும், அவ்ளோதானே?" என்றாள் கலைப்பிரியா. "எங்க ஊட்ல அசையறதுக்குன்னே ஒருத்தன் இருக்கான்."

போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சார்ஜ் ஏற்றுகிற டப்பாவோடு சேர்த்து, மாட்டின் கழுத்து மணிக்குப் பக்கத்தில் கட்டினாள். வல்லரசு கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, தன் உத்தியோகம் ஆடி ஆடித் தெருமுனை திரும்புவதைப் பார்த்தான்.

மண்ணாங்கட்டி நல்ல வேலைக்காரன். பகலில் ஆலைக்குப் போனது, திரும்பி வந்தது. ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றபோது தலையை ஆட்டியது. கொட்டகையில் படுத்த பிறகு அசைபோட்டது. தாடை அசைய அசையப் போனும் அசைந்தது. பசிப்பறவையின் சிஸ்டம் இப்படி ஒரு பார்ட்னரைக் கண்டதே இல்லை. ஓயாமல் ஆன்லைன். வேகம் தாண்டவில்லை, திடீர் பிரேக் இல்லை. உதவி எண்ணுக்குப் போன் இல்லை. 'எனக்கு ஏன் குறைவாக வந்தது?' என்று ஒரு கேள்வி இல்லை.

'வாழ்த்துக்கள் வல்லரசு! நீங்கள் இப்போது வெள்ளிச் சிறகு!' என்று செய்தி வந்தது. சேர்ந்த நாளிலிருந்து மழையிலும் வெயிலிலும் பறந்த வல்லரசு தகரச் சிறகைத் தாண்டியதில்லை.

பிறகு ஆர்டரும் வந்தது. வெள்ளிச் சிறகுக்காரர்களுக்கு ஆர்டர் தானாகவே ஏறிவிடும். ஒப்புக்கொள்ள விரல்கூடத் தேவையில்லை. ஆலையில் எடை போடுகிற ஆள் ஒருவர், கடைவீதி ஓட்டலில் சிக்கன் ரைஸ் கேட்டிருந்தார். மாட்டின் கழுத்தில் போன் 'கீச் கீச்' என்று கத்தவும் தேவநாதன் வண்டியை நிறுத்தி, எடுத்து, காதில் வைத்து, "அல்லோ, மாடு வேலையா இருக்குது" என்றார். ஓட்டல் வாசலில் நின்ற பையன்தான் விஷயத்தைச் சொல்லிப் பொட்டலத்தைக் கரும்புக்கட்டின் மேல் வைத்தான். எடைக்காரர் எப்படியும் கரும்பு வண்டிக்காகக் காத்திருந்தவர். கரும்பும் வந்தது, சோறும் வந்தது. மகிழ்ந்துபோய் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'பார்ட்னர் மிகவும் அமைதியானவர். கண்கள் அழகு' என்று எழுதினார்.

தங்கச் சிறகு. அதற்குப் பிறகு வைரச் சிறகு. விழுப்புரம் வட்டாரத்திலேயே இது முதல் வைரம். திண்டிவனத்தில் விழா, மண்டலத் தலைவர் கையால் பரிசு, அங்கேயே சிறகு நிதியும் வழங்கப்படும் என்று செய்தி வந்தது. கடைசி வரி: 'பார்ட்னர்கள் தாங்கள் பறக்கும் வாகனத்தைக் கழுவி, அலங்கரித்து, உடன் கொண்டுவர வேண்டும்.'

வல்லரசு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "மாமா, இது வில்லங்கம். மாடுன்னு தெரிஞ்சா ஐடியும் போய்டும், காலும் போய்டும். நான் மட்டும் போய்ட்டு ஜல்தியா வந்துடறேன்."

"அதெப்படி மாப்ள?" என்றார் தேவநாதன். "நீங்க படுத்துக்கினு இருந்தீங்க, அது ஒழைச்சுது. கழுவி, சிங்காரிச்சு, கூட இட்டாரச் சொல்லி எழுதி இருக்கான். ஒழைச்சவன ஊட்ல கட்டிட்டு நாம போய் மால வாங்கினா அது சோறு துன்னுமா? நமக்குத்தான் தொண்டையில எறங்குமா?"

மாட்டுப் பொங்கலுக்குச் செய்கிற மாதிரியே செய்தார். குளிப்பாட்டி, கொம்பு சீவி, ஒரு கொம்புக்குச் சிவப்பும் ஒரு கொம்புக்குப் பச்சையும் அடித்து, நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை, புது மூக்கணாங்கயிறு. பச்சை நிறம் பசிப்பறவைச் சட்டையின் நிறம் என்பதால் கலைப்பிரியா தேர்ந்தெடுத்தது. குட்டி யானை வேன் ஒன்றைப் பிடித்து மாட்டை ஏற்றி, அதன் காலடியில் வைக்கோல் மேல் வல்லரசை உட்காரவைத்துத் திண்டிவனம் வந்து சேர்ந்தார்கள்.

மரக்காணம் ரோட்டில் ஒரு குளுகுளு கல்யாண மண்டபம். வாசல் வளைவில் 'நாங்கள் கம்பெனி அல்ல, குடும்பம்' என்று பூவால் எழுதியிருந்தது. குடும்பத்தினர் பின்வாசல் வழியாக வர வேண்டும் என்று ஒரு செக்யூரிட்டி சொல்லிக்கொண்டிருந்தார். மேடையில் மூன்று பேர். நடுவில் மண்டலத் தலைவர் அரிபிரசாத். ஒரு பக்கம் தொழிலாளர் நலன் பார்க்கிற அதிகாரி ஒருவர், முந்திரி பகோடாத் தட்டோடு. மறுபக்கம் கால்நடை டாக்டர் துர்கா. இந்த அம்மாள்தான் வல்லரசின் குறுக்கே வந்த நாய்க்கு வைத்தியம் பார்த்தவர். கருணைச் சிறகின் பேரில் அவருக்கும் ஒரு சால்வை இருந்தது.

அரிபிரசாத் வரிசையாக நின்ற பார்ட்னர்கள் எல்லாருக்கும் கைகொடுத்தார். ஒவ்வொரு கைக்கும் பிறகு ஒரு உதவியாளர் அவர் கையில் மருந்து பீச்சினார். பிறகு அவர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! தொழிலாளிங்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயித்தைப் பிரட்டும். அது மனுஷனைச் சின்னவனாக்குது. தொழிலாளின்னா லீவு கேப்பான். லீவு கேக்கிறவன் சுதந்திரமானவனா? உங்களுக்கு லீவே கிடையாது; அதனால நீங்க யார்கிட்டயும் கேட்டு நிக்க வேண்டியதில்ல. தொழிலாளிக்குச் சம்பளம் குறைஞ்சா முதலாளி மேல கோவம் வரும். உங்களுக்கு இரை குறைஞ்சா யார் மேலயும் கோவம் வராது, ஏன்னா யார் குறைச்சாங்கன்னே உங்களுக்குத் தெரியாது. இந்த மன நிம்மதியை உங்களுக்குக் குடுக்க நாங்க எவ்வளவு செலவு பண்றோம் தெரியுமா?"

கைதட்டினார்கள். தட்டாவிட்டால் மதிப்பெண் குறையுமோ என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

"என் கனவு பார்ட்னர் ஒருத்தர் இருக்கார். எவ்வளவு பாரம் ஏத்தினாலும் இழுப்பார். ஏன்னு கேக்க மாட்டார். சங்கம் கிங்கம்னு போக மாட்டார். குடுக்கிறதை மென்னுக்கிட்டு அவர் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பார். அப்படி ஒருத்தர் பொறக்கவே மாட்டாரான்னு நெனச்சேன். பொறந்திருக்கார்! வைரச் சிறகு வல்லரசு, மேடைக்கு வாங்க! வாகனத்தோட வாங்க!"

மண்டபத்தின் நடுக்கதவு திறந்தது. தேவநாதன் முன்னால், மண்ணாங்கட்டி பின்னால், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு மாவுக்கட்டுக் காலோடு வல்லரசு. கழுத்து மணி 'டங் டங்' என்றது. கழுத்திலிருந்த போன் 'கீச் கீச்' என்றது. சிவப்புக் கம்பளத்தின் நடுவில் வந்ததும் மாடு நின்று, வாலைத் தூக்கி, தாராளமாகச் சாணி போட்டது. அன்று அந்த மண்டபத்தில் நடந்ததிலேயே ஒளிவுமறைவு இல்லாத காரியம் அதுதான்.

"ஐயா, என்ன மன்னிச்சிடுங்க" என்று வல்லரசு கையெடுத்துக் கும்பிட்டான். "கால் ஒடஞ்சிடுச்சு. ஐடி சாகக் கூடாதேன்னு மாட்டுக் கழுத்துல கட்டிட்டோம். எல்லாம் இது பண்ணதுதான். ஐடிய மட்டும் வெட்டிடாதீங்க. தகடு வெக்கணும்."

ஜெகதீசன் ஓடிவந்து போனைப் பிடுங்கப் பார்த்தான். அரிபிரசாத் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அவர் கோபப்படவில்லை. மாட்டைச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார். மெதுவாக, பக்தியோடு கேட்டார்:

"பெரியவரே, இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் கிடைப்பாங்க?"

அப்போதுதான் துர்கா மேடையிலிருந்து இறங்கி வந்தார். மாட்டின் கழுத்தைத் தடவி, மாலைக்கு அடியில் நுகத்தடி தேய்த்த புண்ணை விரலால் காட்டினார். "இது எவ்வளவு நேரம் வேலை செஞ்சிருக்கு?"

ஜெகதீசனுக்குத் தன் துறைக் கேள்வி வந்ததில் பெருமை. "தினமும் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாம ஆன்லைன், மேடம்! நடுவுல ஒரு பிரேக் எடுக்கல. உச்சி வெயில்ல கூட லாக்-அவுட் ஆனதில்ல. எங்ககிட்ட எல்லா ரெக்கார்டும் பக்காவா இருக்கு!"

"அப்ப எழுதியே வெச்சிருக்கீங்க" என்றார் துர்கா. "சுமை இழுக்கிற பிராணிகளுக்கு 1965-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கு சார். ஒரு நாளைக்கு மொத்தமா ஒன்பது மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது. ஓய்வு குடுக்காம தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது. முப்பத்தேழு டிகிரிக்கு மேல வெயில் அடிச்சா மதியம் பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் வேலையே வாங்கக் கூடாது. நான் கேஸ் எழுதினா மொதல் பேரு உங்க பேருதான்."

அரிபிரசாத்தின் நெற்றியில் வேர்வை வந்தது. குளுகுளு மண்டபத்தில் அன்று வேர்த்த முதல் ஆள் அவர்தான். "மேடம், நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க. அவர் எங்க ஊழியர் இல்ல. அவர் பார்ட்னர்."

"எப்படி? அது எதையும் ஒப்புக்கலையே சார்" என்றார் துர்கா. "அதுக்குக் கட்டைவிரல் கிடையாது."

பின்வாசல் பக்கம் நின்றிருந்த பச்சைச் சட்டைகள் ஒவ்வொன்றும் குனிந்து தத்தம் கட்டைவிரலைப் பார்த்தன.

"மேடம்" என்றான் வல்லரசு. "அந்த ஒன்பது மணி நேரம், மதியம் ரெஸ்ட்டு... அந்த ரூலு எங்களுக்கும் இருக்குதுங்களா?"

துர்கா, "நான் மாட்டு டாக்டர்ப்பா" என்று சொல்லிவிட்டு, மேடையிலிருந்த தொழிலாளர் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் பகோடாவை மென்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்ல கேள்வி. இப்படி ஒரு விழிப்புணர்வு வந்ததே எங்க துறைக்குப் பெருமை. மாடு வாயில்லா ஜீவன். அதனால சட்டம் அதுக்காகப் பேசுது. உங்களுக்கு வாய் இருக்கு. சட்டம் குறுக்க வந்தா உங்க வாய்க்கு அவமரியாதை இல்லையா? நீங்க தாராளமா எங்க அலுவலகத்துக்கு வந்து முறையிடலாம். தொழிலாளிங்க மட்டும்தான் உள்ளே வர முடியும், அது ஒண்ணுதான். நீங்க தொழிலாளியான்னு கேட்டா, அதை உள்ளே வந்துதான் நிரூபிக்கணும்."

உட்கார்ந்தார். பகோடாத் தட்டை அருகே இழுத்துக்கொண்டார்.

மறுநாளே கம்பெனி வக்கீல்கள் கூடி வழியைக் கண்டுபிடித்தார்கள். மாட்டுக்காகக் கேஸ் வந்தால் கம்பெனி தாங்காது. மாட்டுக்கு உண்டான மரியாதையைச் செய்துவிடுவதுதான் மலிவு. மாடு எந்த ஐடியில் இருக்கிறது? வல்லரசு ஐடியில். சிஸ்டத்தில் வல்லரசுக்கு எதிரே ஒரு புது வரி ஏறியது. இனம்: எருது.

வல்லரசுக்குப் போன் வந்தது. அதே பெண் குரல்.

"வணக்கம் பார்ட்னர்! உங்க காலைப் பத்தித்தான் பேசறோம். ஒடஞ்சது முன்காலா, பின்காலா?"

வல்லரசு கலைப்பிரியாவைப் பார்த்தான். கலைப்பிரியா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"பின்கால் மேடம்" என்றான். "வலது பின்கால்."

"ரொம்ப நன்றி பார்ட்னர். உடனே அனுமதிச்சிட்டோம். தவிடு எவ்வளவு அனுப்பணும்?"

ஒரு சடங்குதான் பாக்கி. அடையாளம் வேண்டும் என்பதால், மாடுகளுக்குப் போடுகிற மஞ்சள் வில்லையை அவன் இடது காதில் குத்தினார்கள். துர்காதான் குத்தினார். குத்தும்போது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வலிச்சுதா?" என்று கலைப்பிரியா கேட்டாள்.

"ஒப்புக்கறேன்னு அழுத்தின அன்னிக்கு வலிச்சிருக்கணும். அப்ப தெரியல."

தகடு வைத்தாயிற்று. கால் ஊன்றிவிட்டது. திரும்ப விழுப்புரத்துக்கு வந்து பைக்கை எடுத்தபோது வல்லரசுக்கு ஒன்பது மணி நேரம்தான் வேலை. மதியம் பன்னிரண்டு அடித்தால் போன் தானாக அணைந்துவிடும். பிரியாணிக் கடை வாசலில் நிழல் பந்தல் போட்டுத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். கழிப்பறை மட்டும் இன்னும் இல்லை. எருதுக்கு அது தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். பரவாயில்லை, தண்ணீர் குடிக்க முடிந்தது.

மற்றவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? பச்சைச் சட்டைகள், அப்புறம் வேறு கம்பெனிகளின் வேறு நிறச் சட்டைகள் எல்லாம் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் காதைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றன. பட்டம் படித்தவர்கள் சான்றிதழோடு வந்தார்கள். ஒருவன் தன்னை மாடென்று நிரூபிக்க ஒரு கட்டு வைக்கோல் தின்று காட்டினான். 'ஒத்துக்கறோம் தம்பி, வாந்தி எடுக்காத' என்று கம்பவுண்டர் முதுகைத் தடவிவிட்டார். மத்தியான வேளையில் விழுப்புரம் புளியமர நிழல்களில் மஞ்சள் வில்லைக் காதோடு அவர்கள் சாய்ந்து கிடந்து மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்கிற அழகைப் பார்க்க வேண்டும். போகிற வருகிற கிழவிகள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மனுஷனாக இருந்தவரை ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவர்கள்.

அடுத்த விழாவில் அரிபிரசாத் தழுதழுத்த குரலில் பேசினார். "நாங்க ஆரம்பிச்சப்பவே சொன்னோம். எங்க குடும்பத்துல தொழிலாளின்னு ஒருத்தர்கூட கிடையாதுன்னு. இன்னிக்கு யார் வேணும்னாலும் வந்து காதைப் பார்த்துக்கலாம்."

சொல்ல விட்டுப்போனது ஒன்று: அன்றைக்குப் பசிப்பறவையில் சேர பைக் இருந்தாக வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பணம் கட்ட, வல்லரசு சேர்வதற்கு முந்தின சந்தையிலேயே தேவநாதன் மண்ணாங்கட்டியை விற்றுவிட்டிருந்தார். வாழையிலையும் ஊறுகாயும் எடுத்து வைத்தாயிற்று.